ஆள் எடுக்கும் நாள்கள் குறைந்தும் ஆட்கள் தங்கவில்லை: எதைக் கணக்கிடுவது?

கேள்வி (அம்பத்தூர்):
வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் நிறுவனம் ஒன்றில் ஆள்சேர்ப்புப் பொறுப்பில் இருக்கிறேன். ஒரு காலியிடம் நிரம்ப ஆகும் நாள்களையும், ஒருவரைச் சேர்க்க ஆகும் செலவையும் மாதந்தோறும் நிர்வாகத்திற்குத் தருகிறேன். இரண்டும் ஓராண்டாகக் குறைந்து வருகின்றன. ஆனால், புதிதாகச் சேரும் சிஎன்சி (கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் இயந்திரம்) ஆபரேட்டர்களில் பலர் மூன்று மாதத்திற்குள் நின்றுவிடுகிறார்கள். அறிக்கை நன்றாக இருக்க, இயந்திரங்கள் ஆளில்லாமல் நிற்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. வேறு எதைக் கணக்கிட வேண்டும்?

மறுமொழி (கிண்டி):
நீங்கள் தரும் இரண்டு எண்களும் ஆள் உள்ளே வந்த அன்றே முடிந்துவிடுகின்றன. மனிதவள அறிக்கைக்காக 2018-இல் வெளியான ஐஎஸ்ஓ 30414 என்ற சர்வதேசத் தரநிலை, ஆள்சேர்ப்பையும் ஆட்கள் விலகும் விகிதத்தையும் ஒரே தலைப்பின்கீழ் வைத்திருப்பது காரணமில்லாமல் அன்று. 90-ஆம் நாளில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக் கணக்கிட்டு, செலவை அந்த எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒருவரைச் சேர்க்க 10,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், பத்துப் பேரைச் சேர்த்து நால்வர் மட்டும் தங்கும்போது, உண்மைச் செலவு ஒருவருக்கு 25,000 ரூபாய். இதையே ஆள் பிடித்துத் தரும் கன்சல்டன்சி, ஐடிஐ வளாகத் தேர்வு, பணியாளர் பரிந்துரை என்று வழிவாரியாகப் பிரித்தால், மலிவென்று நினைத்த வழி உண்மையில் மலிவுதானா என்பது தெரிந்துவிடும். ஒரு வழியில் ஐந்து பேரே வந்திருந்தால், ஒருவர் நின்றாலும் அது 20 விழுக்காடாகத் தெரியும் என்பதால், ஓராண்டுக் கணக்கைச் சேர்த்தே பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வருகைப் பதிவேட்டையும் விண்ணப்பங்களையும் ஒப்பிட்டேன். நின்றவர்களில் பெரும்பாலோர் கன்சல்டன்சி வழியாக வந்தவர்கள். அவர்களிலும் திருவள்ளூர், அரக்கோணம் பக்கத்திலிருந்து ரயிலில் வருபவர்களே அதிகம். இரண்டாம் ஷிப்ட் முடிந்து வீடு திரும்புவது அவர்களுக்குப் பெரும்பாடு. இனி தூரத்தில் இருப்பவர்களை எடுக்காமல் விடலாமா?

மறுமொழி (ஆவடி):
வேண்டாம் அம்மா. நானும் திருவள்ளூரிலிருந்து பல ஆண்டுகள் வந்துபோன ஆள். வேலையில் ஒருநாளும் குறைவைத்ததில்லை. உங்கள் கணக்கு காட்டுவது தூரத்தின் குறையை அன்று, ஷிப்ட் நேரத்தைச் சேரும் முன்பே சொல்லாமல் விட்ட குறையை. கன்சல்டன்சிக்காரர் அதைச் சொன்னாரா என்று விலகியவர்களிடமே தொலைபேசியில் கேளுங்கள். கூடவே, நின்றவர்களுக்காகச் செலவான தொகையையும், இரண்டாம் ஷிப்ட் முடிந்தபின் ஒரு வேன் விடுவதற்கு ஆகும் தொகையையும் அருகருகே எழுதி நிர்வாகத்திடம் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நான்கு பேரிடம் பேசிவிட்டேன். மூவருக்குப் பகல் நேரப் பொது ஷிப்ட் என்றுதான் சொல்லப்பட்டிருக்கிறது. வேன் வாடகையை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இம்மாத அறிக்கையில் 90 நாள் கணக்கே முதல் வரியாக இருக்கும்.