பிளேஜியரிசம் ரிப்போர்ட்டில் மாட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பொருநைக்கரை:

எனக்கு 43 வந்தது, அதாவது ஆய்வேட்டில் 43 சதவீதம் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டியது. நெய்தல் திணைப் பாடல்களைப் பற்றிய ஆய்வு. நூலகத்தில் கோப்பை ஏற்றிக் கொடுத்த அலுவலர் திரையை என் பக்கம் திருப்பினார். இரண்டாம் இயல் முழுக்கச் சிவப்பு. உற்றுப் பார்த்தால் சிவப்பாக இருந்தது அத்தனையும் பாட்டு. எங்கிருந்து எடுத்தது என்ற இடத்தில் மதுரைத் திட்டம் என்ற இணையத் தமிழ் நூல் தொகுப்பின் பக்கங்களைக் காட்டியது.

அலுவலர் நல்ல மனிதர், உதவி செய்யத்தான் நினைத்தார். "பாட்டை எல்லாம் உங்க சொந்த வார்த்தையில மாத்தி எழுதிட்டு வாங்கம்மா, குறைஞ்சிடும்" என்றார். அந்தப் பேச்சு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அடிக்கு அடி அசைச்சொற்களை எடுத்துப் பேசுகிற இயல் அது. அதில் வரும் பாட்டை எந்தச் சொந்த வார்த்தையில் மாற்றுவது?

40ஐத் தாண்டினால் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2018 விதிப்படி இரண்டாம் நிலை. ஓராண்டுக்குத் திருத்திக்கூடக் கொடுக்க முடியாது. நெறியாளர் கடிதம் எழுதினார். உள்தள்ளி அச்சிட்டிருந்த ஒவ்வொரு பாட்டுக்கும் மேற்கோள் குறி போட்டு, மேற்கோள்களை விலக்கச் சொல்லி மறுபடி ஓட்டினோம். 9 வந்தது. என் வாதத்தில் ஓர் எழுத்து மாறவில்லை.

கரிசல்மண்:

பொருநைக்கரை, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் எனக்கு 43ஐப் பார்த்துப் பயமில்லை. சுழியத்தைப் பார்த்தால்தான் பயம்.

புறத்தேர்வாளராக எனக்கு ஓர் ஆய்வேடு வந்தது. கூடவே சான்றிதழ், ஒப்புமை 0. தமிழில் எழுதிய முந்நூறு பக்க ஆய்வேட்டுக்குச் சுழியம் வரவே முடியாது. மேற்கோள் காட்டிய தொல்காப்பிய நூற்பாவாவது எங்காவது பொருந்தியிருக்க வேண்டும். மூன்றாம் இயலைப் படிக்கும்போது வாக்கியங்கள் தெரிந்தவையாக இருந்தன. அவை நான் ஒரு கருத்தரங்க மலரில் எழுதியவை. அடிக்குறிப்பு கிடையாது.

கோப்பிலிருந்து ஒரு வரியை எடுத்து நோட்பேடில் ஒட்டினேன். தமிழ் வரவில்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தது. பாமினி எழுத்துரு. நாம் பார்ப்பது 'அம்மா'. கணினி சேமித்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். இதை இணையத்தில் உள்ள யூனிகோடு தமிழோடு ஒப்பிட்டால் எப்படிப் பொருந்தும்? பல்கலைக்கழகத்துக்கு விவரமாக எழுதினேன். "சான்றிதழ் முறைப்படி பெறப்பட்டுள்ளது" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்த வரியை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. உங்கள் ஆய்வேட்டை யாராவது திறந்தாவது பார்த்தார்கள்.

இயந்திரவியல்_மதுரை:

கரிசல்மண் சார், உங்கள் கட்டுரையை எடுத்தவரை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் பாமினியில் வந்தாலே திருட்டு என்பது போல வாசிக்கிறவர்களுக்குப் படும். பல்கலைக்கழக வாசலில் உள்ள டிடிபி கடையில் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துத் தட்டச்சு செய்கிறவர்கள் இன்றும் உண்டு. கடைக்காரருக்கு எந்த விசைப்பலகை பழக்கமோ அதில்தான் அடிப்பார். யூனிகோடில்தான் கொடுக்க வேண்டும் என்று பதிவு செய்யும் நாளிலேயே சொல்ல வேண்டியது பல்கலைக்கழகத்தின் வேலை. மாணவர் தலையில் அதைக் கட்டாதீர்கள்.

என் கதை வேறு. எனக்கு 96. வரைவு எப்படி இருக்கிறது என்று பார்க்க நெறியாளர் ஒருமுறை ஏற்றியிருந்தார், அது மென்பொருள் ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் கிடங்கில் சேமிப்பாகிவிட்டது. இறுதிப் பிரதியை ஏற்றியதும் 'மாணவர் தாள், அதே நிறுவனம்' என்று அந்த வரைவோடு பொருந்தியது. குழுவில் ஒருவர் "யார் அந்த இன்னொரு மாணவர்?" என்று கேட்டார். நான்தான் என்று சொன்னேன். எழுத்தில் நிரூபித்துக் கொண்டு வாருங்கள் என்றார்கள். என் பெயர் போட்ட கோப்பு எனக்கு எதிராக மேசையில் கிடந்தது.

நூலகர்_ஓய்வு:

பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில் இந்த அறிக்கைகளை எடுத்துக் கொடுத்தவன் நான். ஒரு மாணவி வாசலிலேயே அழுதாள், 12 வந்ததற்காக. அதனால் சொல்கிறேன், எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், விதியைப் படியுங்கள். 10 வரை எந்த நடவடிக்கையும் இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்கச் சொல்வார்கள். 60க்கு மேல் போனால்தான் பதிவு ரத்து. சான்று காட்டிய மேற்கோள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்ட வாசகம், சமன்பாடு எல்லாவற்றையும் விலக்கிவிட்டுத்தான் எண்ணைப் பார்க்க வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. தற்செயலாகப் பொருந்தும் தொடர்களுக்கு 14 சொற்கள் வரை விலக்கு உண்டு. இதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போங்கள்.

அப்புறம், வரைவை ஏற்றும்போது 'கிடங்கில் சேர்க்க வேண்டாம்' என்ற தெரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். டர்னிட்டின் என்ற ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் ஒப்படைப்பை உருவாக்கும் ஆசிரியர் அதைத் தேர்ந்தெடுக்கலாம். மதுரைத் தம்பிக்கு நடந்தது இதனால்தான். பழைய எழுத்துருவில் இருப்பதை என்எச்எம் கன்வர்ட்டர் போட்டு யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் ஒற்றெழுத்தையும் கொம்பையும் வரி வரியாகச் சரிபாருங்கள், அடிக்குறிப்புகளைத் தனியாகப் பாருங்கள். துணைநூற்பட்டியலைத் தனிக் கோப்பாக வைத்து இயல்களை மட்டும் ஏற்றிப் பாருங்கள். மொத்த எண்ணை விட்டுவிட்டு எந்த ஒரு மூலத்திலிருந்து எவ்வளவு என்று பாருங்கள். நாற்பது மூலங்களில் அரை அரை சதவீதம் வருவதும் ஒரே மூலத்தில் இருபது வருவதும் ஒன்றாகாது. காசு வாங்கிக்கொண்டு எண்ணைக் குறைத்துத் தருகிறேன் என்பவர்கள் பக்கமே போகாதீர்கள். வார்த்தைக்கு வார்த்தை மாற்றுச்சொல் போட்டுப் பொருளையே கெடுத்துவிடுவார்கள்.

கொக்குவில்_விரிவுரை:

நூலகர் ஐயா, நல்ல ஆலோசனை. ஆனால் செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று காட்டும் எண்ணுக்கு இதில் ஒன்றும் உதவாது. அங்கே மூலம் என்று எதையும் காட்டுவதில்லை, சதவீதம் மட்டும்தான். எதை வைத்து மறுப்பது?

எங்கள் பீடத்தில் ஒப்படைகள் மூடில் (Moodle) என்ற இணையக் கற்றல் தளம் வழியாகத்தான் வருகின்றன. ஆங்கில மொழிமூலம் படிக்கும் ஒரு பிள்ளை, வன்னியிலிருந்து வந்தவள். அவளுடைய ஒப்படைக்கு 78 என்று காட்டியது. விசாரணைக்கு வரும்போது கொப்பியைக் கொண்டுவந்தாள். முதலில் தமிழில் எழுதி, கீழே பென்சிலால் ஆங்கிலத்தில் எழுதி, அழித்து, மறுபடி எழுதி வைத்திருந்தாள். கொப்பியை என் பக்கம் தள்ளிவிட்டு ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் இருந்தவர் கொப்பியைப் புரட்டாமலே "அப்ப மென்பொருள் பொய் சொல்லுதோ?" என்று கேட்டார்.

நான் ஓம் என்றேன். 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 டோஃபெல் (ஆங்கிலத் தேர்ச்சித் தேர்வு) கட்டுரைகளை ஏழு கண்டறிகருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியதென்று அவை சொல்லின. எளிய சொற்களில் சீராக எழுதுகிற பிள்ளைகள்தான் அதில் அகப்படுகிறார்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயே, தான் வெளியிட்ட கண்டறிகருவியை அதே ஆண்டு யூலையில் துல்லியம் போதாதென்று நிறுத்திவிட்டது. இதையெல்லாம் அச்செடுத்துக் கொடுத்தேன். புள்ளி வழங்கினார்கள். ஆனால் அவளுடைய கோப்பில் 'விசாரிக்கப்பட்டது' என்ற குறிப்பு இன்னும் இருக்கிறது. அதை நீக்கச் சொல்லித்தான் இப்போது கடிதம் மேல் கடிதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இயந்திரவியல்_மதுரை:

நூலகர் ஐயா, ஆசிரியர்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் மாணவன் யாரிடம் போய்க் கேட்பது? எங்கள் நெறியாளருக்கே அப்படி ஒன்று இருப்பது தெரியாது. கடைசியில் நிர்வாகக் கணக்கு வைத்திருந்தவர் பழைய வரைவை நீக்கச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதிய பிறகுதான் எண் இறங்கியது.

பொருநைக்கரை:

கடிதத்தில் என்ன எழுதினோம் என்று தனிச்செய்தியில் பலர் கேட்கிறார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. சிவப்பாக வந்த ஒவ்வொரு பகுதிக்கும் பக்க எண், அது பாட்டா, உரையா, என் வாக்கியமா, சான்று எந்த அடிக்குறிப்பில் இருக்கிறது என்று ஓர் அட்டவணை போட்டோம். கீழே மேற்கோளுக்கு விலக்கு தரும் விதியின் வரியை அப்படியே ஆங்கிலத்தில் சேர்த்தோம். நெறியாளர், துறைத்தலைவர் இருவரும் கையெழுத்திட்டார்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். எங்கள் கடிதம் முதல் தடவை அலுவலகத்திலேயே காணாமல் போய்விட்டது.