வீட்டுக்கு வந்து விற்கும் வக்கூம் கிளீனர்: திருகோணமலையில் கண்டதும் அறிந்ததும்

உவர்மலை, மின்சாதனம் திருத்துபவர்

வீடு வீடாக வக்கூம் கொண்டுவந்து காட்டும் குழுக்கள் உவர்மலை, மட்டிக்களிப் பக்கம் திரும்பவும் வருகின்றன. அவர்கள் முதலில் கேட்பது மெத்தையைத்தான். குழாய்க்கு நடுவே சின்ன வெள்ளைத் துணி வட்டம் ஒன்றைச் செருகி, பத்து விநாடி இழுத்து, துணியை எடுத்துத் தரையில் வைப்பார்கள். சாம்பல் நிறத்தில் தூசி அப்பியிருக்கும். இன்னொன்று, இன்னொன்று என்று கூடம் முழுக்கப் பரப்பிவிடுவார்கள். வீட்டுக்காரருக்கு வெட்கமாகிவிடும். தொய்வு உள்ள பிள்ளை இருந்தால் பயமும் சேரும். விலைப் பேச்சு அதற்குப் பிறகுதான்.

அந்தத் தூசி பொய்யில்லை. தோல் செதிலும் பஞ்சு நாரும் எந்த மெத்தையிலும் இருக்கும், உறிஞ்சும் எந்த இயந்திரமும் அதை எடுக்கும். உங்களிடம் பழைய வக்கூம் இருந்தால் அதன் பையை வெறுமையாக்கி, அதே துணி வட்டத்தைக் குழாய் வாயில் ரப்பர் பாண்டால் கட்டி, மெத்தையின் மற்றப் பக்கத்தில் அதே பத்து விநாடி இழுக்கச் சொல்லுங்கள். இரண்டு துணியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பை நிரம்பிக் கிடக்கும் உங்கள் இயந்திரத்தை முதலில் ஓட்டிவிட்டு அதன்மேல் தங்களுடையதை ஓட்டுவது அவர்களுடைய பழைய வழி. அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

திருஞானசம்பந்தர் வீதி, முன்பு விற்பனையில் இருந்தவர்

விலை எப்படிக் கட்டப்படுகிறது என்று சொல்கிறேன். வீட்டுக்கு வந்து விற்கும் முறை புதிதல்ல. சுவீடனின் எலெக்ட்ரோலக்ஸ் 1920களிலேயே இப்படித்தான் வளர்ந்தது. அமெரிக்காவின் கிர்பியும் ரெயின்போவும் இன்றும் இந்த வழியில்தான் போகின்றன. கிர்பியைக் கொண்ட ஸ்கொட் ஃபெட்சர் கொம்பனியை 1986இல் வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாதவே வாங்கியது, 2021இல் கிர்பியை விற்றுவிட்டது. தொழிற்சாலை இயந்திரத்தை விநியோகஸ்தருக்கு மொத்த விலையில் கொடுக்கும். வீட்டு விலையை அவர்தான் வைக்கிறார். வாசலுக்கு வருபவரின் கொமிசன், குழுத் தலைவரின் பங்கு, வான் செலவு, வாங்காத வீடுகளில் போன நேரம் எல்லாம் அந்த விலைக்குள்தான் ஏறும்.

அதனால்தான் ஒரே பொருளுக்கு ஒரே தெருவில் மூன்று விலை. மேல் விலையைச் சொல்லித் தொடங்குவார்கள். நீங்கள் தயங்கினால் பழைய வக்கூமுக்கு ஒரு தொகை கழிப்பார்கள், அது ஓடாததாக இருந்தாலும். பிறகு 'மனேஜருக்கு' ஒரு போன். 'இன்றைக்கு மட்டும்' இன்னும் ஒரு குறைப்பு. உறவினர், அயலவர் பத்துப் பேரின் பெயரும் போன் நம்பரும் தந்தால் இன்னொன்று. இந்தக் கழிவுகள் எல்லாம் முதல் விலையில் முன்னமே ஏற்றி வைத்தவை. கடைசி விலையைக் கேட்டுச் சிட்டையின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டு, நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிடுங்கள். மறுநாளும் அந்த விலை இருக்கும், பெரும்பாலும் இன்னும் குறையும். அயலவர் நம்பரைக் கொடுக்காதீர்கள். அவர்கள் வீட்டு வாசலில் உங்கள் பெயரைச் சொல்லித்தான் நுழைவார்கள்.

பாலையூற்று, கணக்கு வேலை

தவணைக்கு எடுப்பவர்கள் மாதத் தொகையை மட்டும் பார்க்கிறார்கள். ஒரு உதாரணக் கணக்கு: கைக்காசு விலை 285,000 ரூபா. தவணையில் முற்பணம் 45,000, மாதம் 17,500 வீதம் 18 மாதம். தவணைகள் மட்டும் 315,000, முற்பணத்தோடு 360,000. கூடுதலாகப் போவது 75,000.

கடனாக நின்றது 240,000தான். ஒன்றரை வருடத்துக்கு 75,000 என்றால் வருடம் 21 வீதத்துக்குக் கிட்ட என்று சொல்வார்கள். ஆனால் கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே போகிறதே. குறையும் மீதியில் கணக்குப் பார்த்தால் மாதம் 3 வீதம், வருடம் 36 வீதம். சீட்டுக் காசு கைக்கு வரும்வரை பொறுத்து வாங்குவது எவ்வளவோ மேல்.

கிண்ணியா

வெளிநாட்டுச் சொந்தக்காரர் அனுப்பும் கிர்பி, ரெயின்போ பற்றி யாரும் எழுதவில்லையே. இங்கே கைமாறும் பாவித்த இயந்திரங்களில் அவைதான் கூட. அடியில் உள்ள தகட்டில் வோல்ட்டைப் பார்க்காமல் செருகக் கூடாது. கனடாவிலிருந்து கப்பல் பெட்டியில் வருவது 120 வோல்ட். நம் 230 வோல்ட்டில் போட்டால் மோட்டார் கதறி ஓடிக் கருகிவிடும். புதிய ரெயின்போவில் எலெக்ட்ரோனிக் போர்ட் போய்விடும், அது மோட்டாரைவிடச் செலவு. சவூதியிலிருந்து வருவதில் 127 வோல்ட்டும் உண்டு, 220உம் உண்டு. லண்டன், டுபாய், கட்டார் இயந்திரங்களில் பிரச்சினை இல்லை, 13 ஆம்பியர் சதுரப் பிளக்கோடு அப்படியே ஓடும்.

உவர்மலை, மின்சாதனம் திருத்துபவர்

கிண்ணியாக்காரர் சொன்னது சரி. 120 வோல்ட் கிர்பிக்கு, 230ஐ 120 ஆக இறக்கும் டிரான்ஸ்போமர் போடுவதென்றால் 1500 விஏ (வோல்ட்-ஆம்பியர்) வேண்டும். இயந்திரம் 7 ஆம்பியர் அளவில்தான் இழுக்கும், கிட்டத்தட்ட 840 வொட். ஆனால் தொடங்கும்போது அதைவிட மிக அதிகமாக இழுக்கும். 500 வொட் பெட்டி கொஞ்ச நேரத்திலேயே சூடேறி மணக்கும். 1500 விஏ டிரான்ஸ்போமரை அறைக்கு அறை தூக்கிக்கொண்டு திரிவது யாருக்கும் இயலாது. அதற்காகவே 120 வோல்ட் இயந்திரத்தை இலவசமாகத் தந்தாலும் யோசியுங்கள்.

பாவித்ததை, 'டெமோ பீஸ்' என்று சொல்வதை, வாங்குபவர்கள் பார்க்க வேண்டியவை: கழித்து எடுத்த பழைய இயந்திரத்தைத் துடைத்து, பொலிஷ் போட்டு, புதுப் பை மாட்டித் திரும்ப விற்பார்கள். மேல்பக்கம் எதுவும் சொல்லாது, கவிழ்த்துப் பாருங்கள். அடித்தகட்டில் நீளக் கீறல்கள், பிரஷ் உருளையில் மயிர் தேய்ந்து கட்டையோடு சமமாக இருப்பது, சில்லின் ஓரம் தேய்ந்திருப்பது, கைப்பிடி அடியில் வயர் உறை வெடித்திருப்பது. இவை இருந்தால் அது பல வருடம் ஓடியது. சீரியல் நம்பர் தகடு சுரண்டியிருந்தால் தொடவே வேண்டாம். கிர்பி தன் விநியோகஸ்தர் வழியாக வாங்கியதற்குத்தான் உத்தரவாதம் தருகிறது. வேறு வழியால் விற்பவர் தன்னைக் கண்டுபிடிக்காதிருக்கவே நம்பரை அழிப்பார்.

பிறகு ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். கரகர என்று அரைக்கும் சத்தம் பெயரிங். காற்றுத் துளை வழியே பார்த்தால் கரிப் பிரஷ் அடியில் சிறு நீலப் பொறி தெரியலாம், அது பரவாயில்லை. வளையமாகச் சுற்றிப் பொறி பறந்தால், கரிப் பிரஷ் உரசும் செப்பு உருளையான கொமியுட்டேட்டர் போய்விட்டது. நிறுத்தியதும் மூடியைத் திறந்து முகருங்கள். வார்னிஷ் கருகிய மணம் வந்தால் காசை எண்ண வேண்டாம். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு: கடல் காற்றில் வயர் முனைகள் பச்சை பிடித்திருக்கும். அதைச் சுரண்டி இறுக்கினாலே சில 'செத்த' இயந்திரங்கள் ஓடும். அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

உப்புவெளி, விருந்தினர் விடுதிப் பராமரிப்பு

நிலாவெளி, உப்புவெளி அறைகளில் பிரச்சினை கம்பளம் அல்ல, மணல். கிர்பி சுவரோடு சுவர் கம்பளம் விரித்த வீட்டுக்கென்று செய்தது. அதில் அழுக்கு முதலில் விசிறியைக் கடந்துதான் பைக்குப் போகும். சிப்பித் துண்டும் குறுணிக் கல்லும் விசிறியில் நேரே அடிக்கும். சீமெந்துத் தரைக்கும் டைல்ஸுக்கும் அந்தக் காசு வீண். ரெயின்போ தண்ணீரில் மணலைப் பிடிக்கும், நல்ல இயந்திரம்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் தண்ணீரை உடனே ஊற்றி, தண்ணீருக்கு மேலே சுழலும் செப்பரேட்டரைக் கழற்றிக் கழுவிக் காய வைக்க வேண்டும். ஒரு இரவு விட்டால் சேறு நாறும். சவர்க்காரத் தூள் சிந்திய தரையில் ஓட்டினால் நுரை பொங்கி மோட்டாருக்குள் ஏறும்.

விடுதிகளுக்கு 1200 முதல் 1400 வொட் வரையுள்ள, ஈரமும் உலர்வும் இழுக்கும் டிரம் வகை போதும். ஒரே விஷயம்: ஈரத்துக்குக் கறுப்பு ஸ்பொஞ்ச், உலர்வுக்குத் துணி அல்லது கடதாசி ஃபில்டர். ஸ்பொஞ்சோடு உலர்ந்த தூசி இழுத்தால் மாவு போன்ற தூசி நேரே மோட்டாருக்குப் போகும். அநேகமான டிரம்கள் கெடுவது இதனால்தான். அடுப்புச் சாம்பலையும் சீமெந்துத் தூளையும் அதில் இழுக்காதீர்கள்.

பெட்டியில் 2000 வொட் என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். அது இழுக்கும் மின்சாரம், உறிஞ்சும் பலம் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பரிலிருந்து வீட்டு வக்கூமுக்கு 900 வொட்டுக்கு மேல் விடுவதில்லை. அங்கே வீடுகள் அழுக்காகக் கிடக்கவில்லை.

அன்புவழிபுரம்

அண்ணா, அம்மா ஏற்கெனவே கையெழுத்து வைத்து முற்பணமும் கொடுத்துவிட்டா. இப்ப என்ன செய்யலாம்?

திருஞானசம்பந்தர் வீதி, முன்பு விற்பனையில் இருந்தவர்

தங்கச்சி, பெட்டியைத் திறக்காமல் வையுங்கோ, பையும் மாட்ட வேண்டாம். சிட்டை, ஒப்பந்தம், வந்தவர் தந்த அட்டை எல்லாவற்றையும் போட்டோ எடுங்கோ. 'எடுக்க விருப்பமில்லை, முற்பணத்தைத் திருப்பித் தாருங்கள்' என்று திகதி போட்டு எழுதி, பதிவுத் தபாலில் இன்றைக்கே அனுப்புங்கோ, பிரதி ஒன்று கையில் இருக்கட்டும். போனில் சொல்வது நிற்காது. பொய் சொல்லி விற்றிருந்தால், அதாவது வைத்தியசாலை சிபாரிசு, அரசாங்கத் திட்டம் என்ற மாதிரி, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் அது குற்றம். அந்தச் சபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டுவிட்டு, முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கோ. வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். சிட்டையில் கொம்பனியின் விலாசமும் பதிவிலக்கமும் இருக்கிறதா என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கோ.