சைலண்ட்டில் இருக்கும் கைப்பேசி ஒலி எழுப்புகிறது, உடனடி உதவி தேவை

மிளகுக்கொடி (ஏற்காடு), இரவு 7.52
வணக்கம். கைப்பேசியைச் சைலண்ட்டில்தான் வைத்திருக்கிறேன், ஆனாலும் மாலையில் அடிக்கடி ‘டிங்’ என்று ஒலிக்கிறது. ஐந்து மாதக் குழந்தையை அரைமணி நேரம் தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைத்துத் தொட்டிலில் கிடத்துகிறேன், அடுத்த நொடியே இந்த ஒலியில் விழித்துக்கொள்கிறாள். இரண்டு முறை அணைத்து இயக்கியும் பயன் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்மாப்பேட்டை ஆசிரியை, இரவு 8.05
எந்த வகைக் கைப்பேசி, ஆண்ட்ராய்டு என்றால் எத்தனையாவது பதிப்பு, ஒவ்வொரு முறையும் ஒரே ஒலிதானா, அப்போது சார்ஜரில் இருந்ததா என்பதையெல்லாம் எழுதுங்கள். இவை தெரியாமல் சொல்லும் எந்த யோசனையும் ஊகமாகவே இருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை, இரவு 8.11
சார்ஜர் நுழையும் துளையைப் பாருங்கள். எங்கள் கொலுசுப் பட்டறையில் வெள்ளித்தூளும் மெருகுத்தூளும் அந்தத் துளையில் படிந்து, கம்பி ஒட்டுவதும் விலகுவதுமாக இருந்ததால், ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறத் தொடங்கும்போதும் கைப்பேசி ஒலித்துக்கொண்டே இருந்தது. உலர்ந்த மெல்லிய தூரிகையால் துடைத்தவுடன் நின்றுவிட்டது. உங்களுக்கும் இதுவாகத்தான் இருக்கும்.

சங்ககிரி மூத்தவர், இரவு 8.20
அடிப்படையைப் புரிந்துகொள்ளாமல் கேள்வி கேட்பதும், புரிந்துகொள்ளாமலே பதில் சொல்வதும் இங்கே வழக்கமாகிவிட்டது. சைலண்ட் என்பது கைப்பேசியை முழுவதும் ஊமையாக்குவது அன்று. அழைப்பு, அறிவிப்பு ஆகிய இரண்டின் ஒலியை மட்டுமே அது அடக்கும், பாட்டும் காணொளியும் ஒலிக்கும் மீடியா ஒலியளவும் அலாரத்தின் ஒலியளவும் தனித்தனியே நிற்கும். ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ நிலையை இயக்குங்கள், அத்துடன் முடிந்தது. இதையே பலமுறை விளக்கமாக எழுதியிருக்கிறேன், கேட்பதற்கு முன் அவற்றைப் படித்திருக்கலாம்.

ஐந்துரோடு பழுதுநீக்குநர், இரவு 8.34
ஐயா சொன்ன ஒலியளவு விளக்கம் சரி, தீர்வு மட்டும் போதாது. பெரும்பாலான கைப்பேசிகளில் ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ நிலையிலும் அலாரமும் மீடியா ஒலியும் விதிவிலக்காகவே அனுமதிக்கப்பட்டிருக்கும். ஒரு செயலி தன் ஒலியை அறிவிப்பு வழியாக எழுப்பாமல் மீடியா வழியாக எழுப்பினால், இரண்டு நிலைகளையும் அது கடந்துவிடும். என்னிடம் வரும் இத்தகைய பழுதுகளில் கருவியில் குறை இருப்பது அரிது.

சகோதரி, முதலில் எந்தச் செயலி என்று கண்டுபிடியுங்கள். ஆண்ட்ராய்டு 11 முதல் ‘அறிவிப்பு வரலாறு’ என்ற வசதி இருக்கிறது. அமைப்புகளில் அறிவிப்புகள் பகுதிக்குச் சென்று அதை இப்போதே இயக்கி வையுங்கள், இயக்கிய பிறகு வருபவை மட்டுமே அதில் பதிவாகும். ஒலி கேட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இதற்கிடையில், குழந்தை தூங்கும்போது பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி, வரும் பட்டையில் மீடியா அளவையும் அடிவரை இறக்கிவிடுங்கள்.

நாகலூர், இரவு 8.41
அரசின் அவசர எச்சரிக்கையாகவும் இருக்கலாம். 2023-இல் சோதனைச் செய்தி வந்தபோது, சைலண்ட்டில் இருந்த என் கைப்பேசி வீடே அதிர ஒலித்தது. அமைப்புகளில் ‘அவசர எச்சரிக்கைகள்’ என்று தேடி அணைத்துவிடுங்கள், நான் அன்றே அணைத்துவிட்டேன்.

அம்மாப்பேட்டை ஆசிரியை, இரவு 8.50
அன்புகூர்ந்து அப்படிச் செய்ய வேண்டாம். அந்த எச்சரிக்கை நீண்டு ஒலிக்கும், அதிர்வோடு செய்தியும் திரையை மறைத்து நிற்கும், ‘டிங்’ என்று ஒற்றையாக வராது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மலையில் குடியிருப்பவர் அணைக்கவே கூடாத ஒலி ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

நாகலூர், இரவு 8.58
அந்த மழையின்போது இங்கே மின்சாரமும் இல்லை, கைப்பேசிக் கோபுரத்தின் சைகையும் இல்லை. சைகையே கிடைக்காத நேரத்தில் எச்சரிக்கை எப்படி வந்து சேரும்?

அம்மாப்பேட்டை ஆசிரியை, இரவு 9.04
கோபுரம் செயலிழப்பதற்கு முன்பே வந்து சேர வேண்டும் என்பதற்காகத்தான் அது அனுப்பப்படுகிறது. எண்களுக்குத் தனித்தனியே போகும் குறுஞ்செய்தியைப் போல அன்றி, கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பாகப் போவதால், நெரிசலிலும் தாமதம் ஆகாது. தயவுசெய்து திரும்ப இயக்கி வையுங்கள்.

சங்ககிரி மூத்தவர், இரவு 9.10
கேட்ட கேள்விக்கு வாருங்கள். கேட்டவரையே காணவில்லை.

மிளகுக்கொடி, மறுநாள் பிற்பகல் 2.15
பொறுத்தருளுங்கள், குழந்தையை விட்டு எழ முடியவில்லை. ஆண்ட்ராய்டு 13, சார்ஜரில் இல்லாதபோதும் ஒலிக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒலிதான். சனி, ஞாயிறுகளில் மாலை ஐந்திலிருந்து எட்டுக்குள் மிகுதியாக வருகிறது. போன வியாழக்கிழமை நாள் முழுதும் மழை, அன்று ஒருமுறைகூட வரவில்லை.

ஐந்துரோடு பழுதுநீக்குநர், பிற்பகல் 2.31
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நேற்றே முடிந்திருக்கும். சுற்றுலாப் பயணிகள் வரும் நாளில் ஒலிக்கிறது, மழையில் அவர்கள் வராத நாளில் ஒலிக்கவில்லை. உங்கள் வீட்டில் கடையோ தங்கும் அறையோ உண்டா? பணம் வந்ததை அறிவிக்கும் வணிகச் செயலி ஏதேனும் அந்தக் கைப்பேசியில் இருக்கிறதா? சந்தை இரைச்சலிலும் கடைக்காரர் காதில் விழ வேண்டும் என்பதற்காக, அத்தகைய செயலிகள் சில மீடியா வழியாகவே ஒலிக்கும்.

மிளகுக்கொடி, பிற்பகல் 2.40
கடை என்னுடையது அன்று, ஏரிக்கரையில் என் நாத்தனார் மிளகும் காப்பித்தூளும் விற்கிறார். கணக்குப் பார்ப்பதற்காக அவருடைய வணிகச் செயலியை என் கைப்பேசியிலும் திறந்து வைத்திருக்கிறேன். தொகையைச் சொல்லும் குரலை எப்போதோ அணைத்துவிட்டதால், அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று நினைக்கவில்லை. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஐந்துரோடு பழுதுநீக்குநர், பிற்பகல் 2.44
குரலுக்கு முன்னால் வரும் மணியோசைக்குத் தனிப் பொத்தான் இருக்கும். செயலியின் உள்ளே இருக்கும் அமைப்புகளில் தேடுங்கள், கைப்பேசியின் அமைப்புகளில் அது கிடைக்காது.

மிளகுக்கொடி, இரவு 8.26
அதுதான். 6.12-க்கு ஒலித்தது, வரலாற்றிலும் 6.12-க்கு அந்தச் செயலிதான் இருந்தது. மணியோசையை அணைத்துவிட்டேன், அதற்குப் பிறகு நான்கு பேர் பணம் செலுத்தியும் ஒலி வரவில்லை. அவசர எச்சரிக்கை இயக்கத்தில்தான் இருக்கிறது, அதைத் தொடவில்லை. அனைவருக்கும் நன்றி, குழந்தை தூங்குகிறாள்.

நாகலூர், இரவு 8.40
நானும் திரும்ப இயக்கிவிட்டேன்.