சேலம் கொலுசுப் பட்டறை: கூலிப் பணம் நிற்கிறது, வழி சொல்லுங்கள்

சிவதாபுரத்தில் நானும் தம்பியும் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். வெளியூர் வியாபாரி ஒருவருக்குக் கூலிக்குச் செய்து கொடுத்ததில் 1,86,000 ரூபாய் நிற்கிறது. சரக்கு போய் ஐந்து மாதம். பற்றவைக்கும் அக்கா இரண்டு பேருக்குச் சம்பளம் பாக்கி. அதுதான் தூங்க விடவில்லை.

சிறுதொழிலுக்கான அரசின் உத்யம் பதிவு முன்பே உண்டு, பில்லில் எண்ணும் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லை. 2023 பட்ஜெட்டில் வருமான வரிச் சட்டத்தில் வந்த 43பி(எச்) பிரிவை வியாபாரியிடம் சொல்லிப் பார்த்தேன்: எழுத்து ஒப்பந்தம் இல்லாததால் 15 நாளுக்குள் (இருந்தால் அதிகபட்சம் 45) உத்யம் பதிவுள்ள எங்களுக்குத் தராவிட்டால், பணம் தரும் வரை அவரால் அதைச் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது. "அப்போ உத்யமை ரத்து பண்ணு, இல்லேன்னா வேலை வேறு பட்டறைக்குப் போகும்" என்கிறார். வங்கிக் கடனே அதை வைத்துத்தான் வாங்கினோம், எப்படி ரத்து செய்வது? பதிவுத் தபாலில் கடிதமும் அனுப்பியாயிற்று, பதில் இல்லை.

கையில் பில்லும், சரக்கைப் பெற்றதற்கு அவர் கையெழுத்திட்ட சலானும் மட்டும்தான். இவற்றை வைத்து, கூலி வேலைக்காக சிறுதொழில்களின் பாக்கிக்கான மத்திய அரசின் சமாதான் இணையதளத்தில் புகார் கொடுத்துப் பணம் வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?