ராஜதுரோகமா, விசுவாசமா? காற்றாடிமலை பஞ்சாயத்து

தோவாளையான்: ஜனவரி 14 வந்தாப் போதும், எல்லாக் குரூப்லயும் காற்றாடிமலை படம், 'விசுவாசத்துக்காக உயிர் விட்ட தேவசகாயம்'னு. 1752ல அவரை அங்க வச்சு சுட்டது ராஜதுரோகத்துக்கு. மதம் மாறினதுக்குன்னா டிலனாயை ஏன் விட்டு வச்சாரு திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா? அவரும் கிறிஸ்தவர்தானே?

கோட்டாறுகாரன்: வந்துட்டாரு ஆராய்ச்சியாளரு. டிலனாய் 1741 குளச்சல் சண்டைல பிடிபட்ட டச்சுக்காரன். பட்டாளம் பழக்க ஆளு வேணும், வச்சுக்கிட்டாரு. தேவசகாயம், அதான் மதம் மாறுறதுக்கு முந்தி நீலகண்ட பிள்ளை, அரண்மனை உத்தியோகஸ்தர், நட்டாலத்து நாயர். அவரு மாறினா யாருக்கு வலிக்கும்? யோசியும் வே.

தோவாளையான்: சாதி சொன்னா பதிலாயிருமா? டிலனாயை ஏன் விட்டாரு?

கோட்டாறுகாரன்: சரி, துரோகம்னே வச்சுக்கிடுவோம். தன்னை எதிர்த்த எட்டு வீட்டுப் பிள்ளைமாரை ராஜா எப்படி முடிச்சாருன்னு தெரியும்லா? இவரை மட்டும் 1749ல பிடிச்சு மூணு வருசம் எதுக்கு இழுத்தடிச்சாங்க? எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல பின்பக்கமா உக்கார வச்சு, அடிச்ச புண்ணுல மிளகாய்ப்பொடி தேச்சு ஊரு ஊரா கொண்டு போனதா எங்க பாட்டி காலத்துலருந்து சொல்லுதாங்க. மிரட்டி, மனசு மாத்தத்தானே இவ்வளவும்? துரோகிகிட்ட மனசு மாறுன்னு எவனாவது கெஞ்சுவானா?

தோவாளையான்: பாட்டி சொன்னது ஆவணமா? சரித்திர ஆய்வாளர் எம்.ஜி.எஸ். நாராயணனே மதம் மாறினதுக்குக் கொன்னதா ஆதாரம் இல்லன்னு சொல்லிட்டாரு.

கோட்டாறுகாரன்: அப்ப ராஜதுரோகத்துக்கு ஓலை இருக்கா? எடுத்துப் போடும். போன தடவை சுசீந்திரம் தகராறுலயும் இதே மாதிரி 'நாளைக்குப் போடுதேன்'னு போனவருதான் நீரு. இன்னும் நாளை விடியல்ல.

மயிலாடியான்: ரெண்டு பேரும் நிறுத்துங்க. ராஜாவுக்குப் பயப்படாதவங்கன்னா எங்க அய்யா வைகுண்டர். சிங்காரத்தோப்புல 110 நாள் அடைச்சு வச்சாங்க, அசைஞ்சாரா?

கோட்டாறுகாரன்: அய்யாவை நானும் கும்பிடுதேன். அது பின்னால வந்த ராஜா சுவாதித் திருநாள் காலம், இங்க எதுக்கு இழுக்கீரு?

மயிலாடியான்: ஏன், உங்க புனிதரைப் பத்தி மட்டும்தான் பேசணுமா?

தோவாளையான்: புனிதர்! 2022ல பட்டம் குடுக்கும்போது 'பிள்ளை'ய வெட்டிட்டாங்களே, அது ஏனாம்?

கோட்டாறுகாரன்: சாதிப் பேரு வேண்டாம்னு எடுத்தாங்க. அதுல உமக்கென்ன நஷ்டம்? நான் கேட்டதுக்குச் சொல்லும். பயமே இல்லாத நாடுன்னா, 1745ல ஞானஸ்நானம் எடுக்க எல்லை தாண்டி வடக்கன்குளம் எதுக்குப் போனாரு?

தோவாளையான்: அங்கதான் சாமியாரு இருந்தாரு, போனாரு. இதுல என்ன பெரிய ரகசியம்? டிலனாய்க்குப் பதில் சொல்லும்.

கோட்டாறுகாரன்: கோட்டாறு கோயில் சவேரியார் காலத்துக் கோயில். சுட்ட பிறகு உடம்பை அடக்கம் பண்ணினதே அங்கதான். இங்க சாமியாரு இல்லன்னு உமக்கு யாரு சொன்னா?

மயிலாடியான்: அங்க இங்கன்னு பேசுதீரே, வடக்கன்குளம் திருநெல்வேலி மாவட்டம்.

கோட்டாறுகாரன்: பெரிய கண்டுபிடிப்பு! ராஜா கை எட்டாத ஊருன்னுதானே நான் தொண்டை கிழியச் சொல்லுதேன். மொதல்ல வாசிச்சுட்டு வாரும் ஓய்.

மயிலாடியான்: மரியாதையா பேசும். ஓய்ங்கிற சோலி எங்கிட்ட வேண்டாம்.