குயிக் ஷேர்ல போன் தெரியுது, வீடியோ மட்டும் வரமாட்டேங்குது. உதவுங்க

வணக்கம் மக்களே. உசிலம்பட்டிப் பக்கம் எங்க ஊர் முளைப்பாரி ஊர்வலத்தை அத்தை அவங்க போன்ல எடுத்து வச்சிருக்காங்க. அப்பத்தா கும்மிக்குப் பாட்டெடுத்துக் கொடுக்குறது அந்த வீடியோவுல மட்டும்தான் இருக்கு, எனக்கு அது பத்திரமா வேணும். ஃபைல் 4 ஜிபிக்கு மேல. வாட்ஸ்அப்ல 2 ஜிபிதான் உச்சம். கையில இருக்கிற பென்டிரைவ் ஃபேட்32 ஃபார்மேட், ஒரே ஃபைல் 4 ஜிபிக்கு மேல இருந்தா அதுலயும் ஏறாது.

ரெண்டு போனும் ஆண்ட்ராய்டு. பக்கத்துல இருக்கிற போனுக்கு நேரா ஃபைல் அனுப்புற குயிக் ஷேர்ல என் போன் பேர் அத்தைக்குத் தெரியுது. நான் சம்மதம் கொடுத்ததும் வட்டம் சுத்திக்கிட்டே இருந்து அறுந்துபோகுது. சின்ன போட்டோ மட்டும் ஆமை வேகத்துல வருது. ஆளைக் கண்டுபிடிக்கிறது புளூடூத், பெரிய ஃபைலைச் சுமக்குறது வைஃபை. அதனால வைஃபை டைரக்ட்லதான் (ரவுட்டர் இல்லாம ரெண்டு போனும் நேரா இணையுறது) சிக்கல்னு எனக்குப் படுது. லொக்கேஷன் ஆன்ல இருக்கு. ஹாட்ஸ்பாட், விபிஎன், பேட்டரி சேவர் மூணும் அணைச்சாச்சு. 'எல்லாருக்கும் தெரியட்டும்'ங்கிறது 10 நிமிஷத்துல தானா மாறிடும், அதையும் பார்த்துக்கிட்டோம்.

நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் பண்ணா வைஃபை பாஸ்வேர்டு, புளூடூத் இணைப்பு மாதிரி செட்டிங்ஸ்தான் போகும், வீடியோவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? அதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க. அத்தை ஞாயித்துக்கிழமை திருப்பூர் கிளம்புறாங்க.