பாட்டக்கெட்: மில்லால ஊரு வந்ததா, ஊரு இருந்ததால மில் வந்ததா?

பழையதறி:
தண்ணி ஓட்டத்துல நூல் நூத்து அமெரிக்காவுல முதல்ல ஜெயிச்ச மில்னு ரோட் ஐலண்ட்ல இருக்குற பாட்டக்கெட் பத்தி படிச்சிட்டு இருக்கேன். சாமுவேல் ஸ்லேட்டர் இங்கிலாந்துலேர்ந்து வந்தாரு, 1793ல பிளாக்ஸ்டோன் ஆத்தங்கரைல மில் கட்டினாரு, ஊரு வளந்துச்சுன்னு எல்லாரும் ரெண்டே வரில முடிச்சிடுறாங்க. அதுக்கு முன்னாடி அங்க ஒண்ணுமே இல்லையா? ஏன் குறிப்பா அந்த இடம்? அப்புறம் ஓனரே வீடு, கடை எல்லாம் கட்டி ஊரையே கைல வச்சிருப்பாங்களே, அதுவும் இங்கதான் ஆரம்பிச்சதா?

கரையோரம்:
மில்லுக்கு நூறு வருஷத்துக்கு மேல முன்னாடியே அங்க ஆளுங்க இருந்தாங்க. 1671 வாக்குல ஜோசப் ஜென்க்ஸ்னு ஒருத்தர் அந்த அருவி பக்கத்துல இரும்புப் பட்டறை போட்டாரு. 1676ல பூர்வகுடி மக்களோட நடந்த சண்டைல அது எரிஞ்சு போச்சு, ஆனா திரும்பக் கட்டிட்டாங்க. அதுக்கப்புறம் அது கொல்லருங்க ஊராவே ஆயிடுச்சு.

இடம் ஏன்னு கேட்டா, பிளாக்ஸ்டோன் ஆறு சுமார் 46 மைல்ல 438 அடி இறங்குது, சின்ன ஆறுதான் ஆனா அத்தனை இறக்கம், அதுல கடைசி அருவி பாட்டக்கெட்ல இருக்கு, அதுக்குக் கீழ கடல் தண்ணி ஏறி இறங்குற பகுதி, அதனால சரக்குப் படகு பக்கத்துத் துறைமுக ஊரான பிராவிடன்ஸ்லேர்ந்து நேரா வந்துடும். அருவியும் படகுத்துறையும் ஒரே எடத்துல கிடைக்குறது லேசு இல்ல.

சுத்தியல்:
மேல சொன்ன கொல்லர் விஷயத்த நான் இன்னும் அழுத்தமா சொல்வேன். ஸ்லேட்டர் 1789ல வரும்போது கைல ஒரு வரைபடம் கூட இல்ல, ஏன்னா மெஷினோ வரைபடமோ வெளிய போகக்கூடாது, தொழில் தெரிஞ்சவனும் போகக்கூடாதுன்னு இங்கிலாந்துல சட்டம். பெல்பர் பக்கம் ஜெடடையா ஸ்ட்ரட் மில்லுல தொழில் கத்துக்கிட்டவரு, எல்லாத்தையும் மனசுலயே வச்சிட்டு வந்தாருன்னு சொல்லிச் சொல்லி அவர ஹீரோ ஆக்கிட்டாங்க. சரி, மனசுல இருக்கு, இரும்புல யாரு அடிச்சுத் தர்றது? பாட்டக்கெட்ல ஓசியல் வில்கின்சன்னு ஒரு கொல்லரோட குடும்பம் இருந்துச்சு, அவங்க பட்டறைலதான் பாகமெல்லாம் உருவாச்சு. பணம் போட்டது பிராவிடன்ஸ் வியாபாரி மோசஸ் பிரவுன். 1790 டிசம்பர்ல மெஷின் முதல்ல ஓடினது கூட புது மில்லுல இல்ல, ஏற்கனவே இருந்த துணி இறுக்குற பட்டறைல. அங்க வேலை பாத்தது 7லேர்ந்து 12 வயசுக்குள்ள பசங்க, இதையும் அந்த ரெண்டு வரில யாரும் சேக்க மாட்டாங்க. ஸ்லேட்டர் வில்கின்சன் வீட்டுலயே தங்கி, அவரு பொண்ணு ஹன்னாவையே கல்யாணமும் பண்ணிக்கிட்டாரு, ஆக மில் உண்மைல மாமனார் ஊருக்குள்ளதான் வந்துச்சு.

பழையதறி:
அருமை. அப்போ ஓனரே கட்டின ஊருங்கிறது?

கரையோரம்:
அது அதே ரோட் ஐலண்ட்ல இருக்குற ஸ்லேட்டர்ஸ்வில். 1806-07ல சாமுவேலும் தம்பி ஜானும் பிராஞ்ச்ங்கிற ஆத்தங்கரைல ஆரம்பிச்சது, அங்கதான் வீடு, கடை எல்லாம் மில்லோட சேந்து வந்துச்சு. ஆனா இந்த யோசனையே இங்கிலாந்து சரக்கு. தண்ணில ஓடுற நூற்பு மெஷினுக்குப் பேர்போன ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1771ல அங்க கிராம்ஃபோர்டுல மில் வச்சு, 1776ல ஆளுங்களுக்கு வரிசை வீடு கட்டினாரு. காரணம் ரொம்ப சிம்பிள், தண்ணி விழுற எடத்துக்குத்தான் மில் போகணும், அங்க ஆளு இருக்க மாட்டாங்க, வீடு கட்டினாதான் குடும்பமா வருவாங்க. ஒரு பையன் தனியா வந்தா எங்க தங்குவான்?

சுத்தியல்:
அதுதான் பிடியும். வீடும் அவங்களோடது, கடையும் அவங்களோடது, கூலிய பல எடத்துல கடைக் கணக்குலயே கழிச்சிடுவாங்க, அப்போ வேலைய விட்டா வீட்டயும் விடணும். பாட்டக்கெட்ல ஊரு பழசு, மில்ல நம்பாத கொல்லரும் சின்ன வியாபாரியும் நிறைய பேரு. 1824ல ஓனருங்க சேந்து நெசவுப் பொண்ணுங்க கூலிய கால்வாசி குறைச்சு, வேலை நேரத்த ஒரு மணி கூட்டினப்போ சுமார் நூறு பொண்ணுங்க வெளிய வந்துட்டாங்க, ஊர்க்காரங்களும் கூட நின்னாங்க, கடைசில ஓனருங்க சமரசத்துக்கு வந்தாங்க. அமெரிக்காவுல ஃபேக்டரில நடந்த முதல் ஸ்ட்ரைக்னு இதச் சொல்லுவாங்க. ஓனர் கட்டின ஊருல இப்படி அக்கம்பக்கம் கூட நிக்குறது கஷ்டம்னு எனக்குத் தோணுது.

நீர்ச்சக்கரம்:
லேட்டா வந்து ஒண்ணு சேக்குறேன். கோடைல ஆறு வத்தினா சக்கரம் நிக்கும், மேல ஒருத்தன் அணைய அடைச்சா கீழ உள்ளவனுக்குத் தண்ணி இல்ல, அதனால மில் ஓனருங்களுக்குள்ளயே தண்ணிக்குச் சண்டை. மீன் ஏறி வர்ற வழிய அணை அடைச்சிடுதுன்னு மீன்புடிக்கிறவங்க கோவம் தனி. 1827ல ஸ்லேட்டரே பிராவிடன்ஸ்ல நீராவி மில் ஆரம்பிச்சிட்டாரு, அங்க நிலக்கரி கப்பல்ல வரும், ஆளும் ஊருக்குள்ளயே கிடைப்பாங்க, வீடு கட்டிக் கொடுக்குற செலவும் இல்ல.